கையெழுத்துப் போடவா, வேண்டாமா? தெருமுனையில் வரப்போகும் பள்ளிவாசல்

பக்கத்துவீட்டான்:
நியூ ஜெர்சியில் ஒரு நடுத்தர டவுன்ஷிப். ஊர்ப் பேர் வேண்டாம். போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து 200 அடிக்குள் இருக்கும் காலி மனையில் பள்ளிவாசல் கட்ட விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்களாம். கட்டட அனுமதியை முடிவு செய்கிற ஊர்க் குழு, பிளானிங் போர்டு, விசாரிக்கப் போகிறது, சொல்ல வேண்டியதை வந்து சொல்லலாம் என்று இருந்தது.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இதுவரை குப்பை வண்டி என்றைக்கு வரும் என்பதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. அன்று ராத்திரி மட்டும் நூற்றுக்கு மேல் செய்திகள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும், யாரும் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. டிராஃபிக், பார்க்கிங், மழைநீர், மரம் வெட்டுவது, இவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் 12 வருடப் பழக்கம். பனி பெய்தால் என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற மனிதர். பள்ளிவாசல் வேண்டாம் என்ற மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு கையெழுத்துக் கேட்டு வந்தார். "வண்டி நிறுத்த இடம் போதாது, வேறொன்றும் இல்லை" என்றார். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். "இதில் என்னை ஏன் இழுத்தீங்க?" என்கிறாள் அவள்.

தெரு நிஜமாகவே குறுகல்தான். வெள்ளிக்கிழமை மதியம் இப்போதே நெருக்கடி. ஆனால் நான் வாரம் தவறாமல் போகிற கோயிலும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்த நோட்டீஸ்தானே? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

தோசைக்கல்:
மனைவி மேல் பழி போட்டதற்குத் தனி விசாரணை வைக்க வேண்டும்.

வெள்ளைப்பலகை:
இதில் குழம்ப என்ன இருக்கிறது? வீடு வாங்கும்போது 30 வருடக் கடனுக்குத் தலையைக் கொடுத்துத்தானே வாங்கினீர்கள்? தெருவில் எது வந்தாலும் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சூப்பர் மார்க்கெட் வந்தாலும் கேட்பீர்கள் இல்லையா? கேட்கிறவன் எல்லாம் வெறுப்பாளன் என்று முத்திரை குத்துவது இப்போது ஃபேஷன் ஆகிவிட்டது. போடுங்கள் கையெழுத்தை.

சட்டப்புழு:
போடுவதற்கு முன்னால் உங்கள் மாநிலத்திலேயே நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். பாஸ்கிங் ரிட்ஜ் பக்கம் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப். 2012இல் அங்கே ஒரு இஸ்லாமியச் சங்கம் நாலு ஏக்கர் மனையில் சின்னப் பள்ளிவாசல் கட்ட விண்ணப்பித்தது. மனை இருந்த தெருவின் பேர் சர்ச் ஸ்ட்ரீட். சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? அந்த ஊருக்கே ஒரு காலத்தில் மேயராக இருந்தவர். வெளியாள் என்று சொல்லக்கூட வழியில்லை.

ஊர் விதிப்படி 3 பேருக்கு ஒரு பார்க்கிங் இடம். 150 பேர் தொழுவார்கள், ஆக 50 இடம் என்று வரைபடம் கொடுத்தார்கள். அதெல்லாம் சர்ச்சுக்குத்தான், உங்களுக்கு 107 வேண்டும் என்றது போர்டு. வாகனம் நிறுத்த இடம் கூடினால் தார்ப்பரப்பு கூடும், தார்ப்பரப்பு கூடினால் மழைநீர் வடிகால் மாறும், வடிகால் மாறினால் வேலி மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விசாரணை. மொத்தம் 39 விசாரணைகள். கடைசியில் 2015 டிசம்பரில் நிராகரித்துவிட்டார்கள்.

வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. ஒபாமா காலத்து நீதித்துறையும் தனியாக ஒரு வழக்குப் போட்டது. 2016 டிசம்பர் 31 அன்று தீர்ப்பு: ஊர்ச் சட்டத்தில் "சர்ச்" என்றால் மசூதியும் சேர்த்திதான், இவர்களுக்கு மட்டும் தனிக் கணக்குப் போட்டது சட்டமீறல். 2017 மே மாதம் 32.5 லட்சம் டாலர் கொடுத்து டவுன்ஷிப் சமரசம் செய்துகொண்டது, அனுமதியும் கொடுத்தது.

இதற்கான சட்டம் 2000ஆம் ஆண்டு வந்தது. ஆர்லூபா என்பார்கள். நிலப் பயன்பாட்டு விதிகளை வைத்து வழிபாட்டுத் தலங்களை முடக்கக் கூடாது என்பதற்காக ரெண்டு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றியது. மதத்தைச் சொல்லி யாரும் தடுக்க மாட்டார்கள், கழிவுநீரைச் சொல்லித்தான் தடுப்பார்கள் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

வெள்ளைப்பலகை:
பாதிக் கதையைச் சொல்லிவிட்டீர்கள். அந்த 107 வானத்திலிருந்து குதித்த எண் இல்லை. சர்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரே காரில் நாலு பேர் வருவார்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு அலுவலகத்திலிருந்து ஆளுக்கொரு காரில் வருவார்கள். அது உண்மையா இல்லையா? உண்மையைச் சொன்னால் பாகுபாடா?

சட்டப்புழு:
உண்மையாகவே இருக்கலாம். அப்படியென்றால் எல்லோருக்கும் அந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். ஈஸ்டர் அன்று சர்ச்சுக்கு எத்தனை கார் வரும் என்று யாராவது எண்ணினார்களா? நீதிபதி கேட்டதன் சாரம் அவ்வளவுதான்.

அப்புறம், இது ஒரே ஊரோடு முடியவில்லை. பக்கத்து பிரிட்ஜ்வாட்டரில் பழைய விருந்து மண்டபத்தைப் பள்ளிவாசலாக்க விண்ணப்பம் வந்ததும், 2011இல் அவசரமாகப் புது விதி போட்டார்கள், வழிபாட்டுத் தலம் பெரிய சாலைகளில்தான் இருக்கலாம் என்று. 2014இல் 77.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. நம்மாட்கள் எல்லோரும் போகிற பாலாஜி கோயில் அதே ஊரில்தான் இருக்கிறது.

டென்னசியில் மர்ஃப்ரீஸ்பரோ இன்னும் ஒரு படி மேல். இஸ்லாம் ஒரு மதமே இல்லை, ஆகவே மதச் சுதந்திரம் பொருந்தாது என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். அது மதம்தான் என்று அமெரிக்க அரசு எழுத்தில் கொடுக்க வேண்டி வந்தது. பள்ளிவாசல் கட்டுமான வண்டிக்குத் தீ வைத்தார்கள். 2012 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள் என்பது வேறு.

காயல்வாசி:
பார்க்கிங் விஷயத்தில் வெள்ளைப்பலகை சொல்வதில் பாதி சரி. மறைப்பானேன்? நான் போகிற பள்ளிவாசலில் ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகை அன்று ஒரு மணிக்கு வந்து பாருங்கள். பிந்தி வருகிறவர் அடுத்தவர் டிரைவ்வேயை மறித்து வண்டியை விட்டுவிட்டு ஓடுவார். குத்பா பிரசங்கம் முடிந்ததும் இமாமே மைக்கில் வண்டி நம்பரை வாசிப்பார். நாங்களே பேசி ஜும்ஆவை ரெண்டு தடவையாகப் பிரித்தோம், பக்கத்துச் சர்ச்சிடம் வெள்ளிக்கிழமை மட்டும் அவர்கள் இடத்தைக் கேட்டு வாங்கினோம், ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு நாலு பையன்களை நிறுத்தினோம். இப்போது பரவாயில்லை. பார்க்கிங் பிரச்சினை என்றால் அதற்குப் பார்க்கிங் தீர்வு உண்டு.

ஆனால் எந்தத் தீர்வு சொன்னாலும் அடுத்த கேள்வி வந்துகொண்டே இருந்தால்? அது வேறு பிரச்சினை. எங்கள் விசாரணைக்கு ஊரிலிருந்து வந்திருந்த வாப்பாவையும் கூட்டிப்போனேன். அவருக்கு இங்கிலீஷ் சுமார். மூணு மணி நேரம் பொறுமையாக இருந்தார். வெளியே வந்ததும், "ஏன் வாப்பா, இவங்களுக்குத் தண்ணி போறதுல இவ்வளவு கவலையா?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

2010இல் எனக்கு வேலை லோயர் மன்ஹாட்டனில். 2001 விமானத் தாக்குதலில் உலக வர்த்தக மையம் இடிந்த இடத்தை கிரவுண்ட் ஜீரோ என்பார்களே, அதற்குப் பக்கத்தில் பார்க் பிளேஸ் தெரு, நினைவிருக்கிறதா? "கிரவுண்ட் ஜீரோ மசூதி" என்று உலகமே பேசியதே, அந்தக் கட்டடத்தில் நான் தொழுதிருக்கிறேன். பழைய துணிக்கடை. சுவரில் சட்டை மாட்டுகிற கம்பிகள் அப்படியே இருந்தன. டிவிக்காரர்கள் வருவதற்குப் பல மாதம் முன்பே அங்கே ஜும்ஆ நடந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்துவீட்டான்:
அது கடைசியில் கட்டினார்களா இல்லையா? எதிர்த்தவர்கள் ஜெயித்தார்கள் என்று மட்டும் ஞாபகம்.

ஹட்சன்கரையார்:
யாரும் ஜெயிக்கவில்லை. இப்போது அங்கே போனால் 43 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. கண்ணாடிக் கோபுரம். வாங்க நமக்கு வசதி பத்தாது.

நான் 1981இல் இந்த நாட்டுக்கு வந்தவன், அந்தக் கூத்தை முழுதாகப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். அந்தக் கட்டடத்தை 2009இல் 48.5 லட்சம் டாலருக்கு ஷரீஃப் எல்-கமால் என்பவர் வாங்கினார். 13 மாடி, நீச்சல் குளம், அரங்கம், சமையல் பள்ளி, கூடவே தொழுகைக்கூடம் என்று திட்டம். யூதர்களின் சமுதாயக் கூடங்கள் நியூயார்க்கில் உண்டல்லவா, அந்த மாதிரி. முன்னால் நின்று பேசியவர் இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃப். 2010 மே 25 அன்று வட்டாரச் சபையில் 29 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, 10 பேர் நடுநிலை. ஆகஸ்ட் 3 அன்று பழங்கட்டடப் பாதுகாப்பு ஆணையத்தில் 9க்கு 0. அந்தப் பழைய கட்டடத்தை நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டால் இடிக்க முடியாது, திட்டம் நின்றுவிடும் என்று பார்த்தார்கள். நடக்கவில்லை. சட்டப்படி ஒரு தடையும் பாக்கி இல்லை. உங்கள் பெர்னார்ட்ஸ் கதைக்கு நேர் எதிர்.

அன்றைக்கு மேயர் ப்ளூம்பெர்க் கவர்னர்ஸ் தீவில், சுதந்திர தேவி சிலையை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினார். அந்தாள் மீது எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. அன்று நன்றாகப் பேசினார். கிரவுண்ட் ஜீரோவுக்கு ஒரு தெரு தள்ளி செயின்ட் பீட்டர்ஸ் என்று ஒரு கத்தோலிக்க ஆலயம், 1785இல் தொடங்கியது. அதற்கு முன்னால் நியூயார்க்கில் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாகக் கும்பிடவே முடியாது. 1806 கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே ஆலயத்தை ஒரு கும்பல் முற்றுகையிட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று விமானத்தின் பாகம் ஒன்று அதன் கூரையிலும் விழுந்தது, பார்க் பிளேஸ் கட்டடத்தின் கூரையிலும் விழுந்தது. தீயணைப்புத் துறைப் பாதிரியார் மைக்கல் ஜட்ஜின் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியது அந்த ஆலயத்தின் பலிபீடத்துக்கு முன்னால்தான்.

பிறகு திட்டத்தைக் கொன்றது எது? "உரிமை உண்டு, ஆனால்..." என்ற அந்த "ஆனால்" தான். ஒபாமா ஆகஸ்ட் 13 இஃப்தார் விருந்தில் உரிமை உண்டு என்றார். மறுநாளே, அங்கே கட்டுவது புத்திசாலித்தனமா என்பதைப் பற்றி நான் சொல்லவில்லை என்றார். கவர்னர் பேட்டர்சன் வேறு இடம் தருகிறேன் என்றார். அவதூறுக்கு எதிராகப் பாடுபடுவதற்கென்றே இருக்கிற யூத அமைப்பு ஏ.டி.எல். கூட எதிர்த்தது. அப்படிச் சொன்னது தவறு என்று 2021இல் அதன் தலைவர் ஒப்புக்கொண்டார். பதினோரு வருடம் கழித்து. அதற்குள் கட்டடத்தை இடித்து அடித்தளம் தோண்டியாகிவிட்டது. 10 கோடி டாலர் திட்டம். நாடே திட்டிக்கொண்டிருக்கும்போது யார் நன்கொடை தருவார்?

வெள்ளைப்பலகை:
ஐயா, உங்கள் பேச்சுக்கு மரியாதை. ஆனால் உணர்வு என்று ஒன்று இல்லையா? போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் வதைமுகாமை ஒட்டிய கட்டடத்தில் 1984இல் கார்மல் சபைக் கன்னியாஸ்திரீகள் மடம் வைத்தார்கள். இறந்தவர்களுக்காகப் பிரார்த்திக்கத்தான் வந்தார்கள். யாரையும் கொன்றவர்கள் இல்லை. யூதர்களுக்கு வலித்தது. கடைசியில் 1993இல் போப் இரண்டாம் ஜான் பால் கடிதம் எழுதி அவர்களை இடம் மாறச் சொன்னார். உரிமை இல்லை என்பதற்காகவா மாறினார்கள்? மூவாயிரம் பேர் செத்த இடத்துப் பக்கத்தில் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது தப்பா?

தோசைக்கல்:
இதுதான் இந்த இழையில் முதல் உருப்படியான எதிர்வாதம். பதில் சொல்லுங்க பெரியவரே.

ஹட்சன்கரையார்:
நல்ல கேள்வி. ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மடத்தை மாற்றச் சொன்னது அவர்களுடைய திருச்சபையே. போலந்து அரசு ஆணை போட்டு மாற்றவில்லை. அது ஒன்று. இன்னொன்று, இரண்டு தெரு தள்ளி என்பது எந்தக் கணக்கில் "பக்கத்தில்"? அதே சுற்றுவட்டத்தில் மஸ்ஜித் மன்ஹாட்டன் 1970இலிருந்து இருக்கிறது. இரட்டைக் கோபுரம் கட்டி முடிவதற்கு முன்னாலிருந்தே. தெற்குக் கோபுரத்தின் 17ஆம் மாடியில் முஸ்லிம் ஊழியர்கள் தொழ ஓர் அறை இருந்தது. அன்று செத்தவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். மடத்து உதாரணத்தை எடுத்தால், பார்க் பிளேஸ்காரர்களை நாம் எந்தப் பக்கம் உட்கார வைக்கிறோம்? வெளியிலிருந்து வந்த கன்னியாஸ்திரீகள் பக்கமா, பறிகொடுத்தவர்கள் பக்கமா?

காயல்வாசி:
அந்த 17ஆம் மாடி விஷயம் என் சக ஊழியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படிக்கட்டுத் தளத்தில் பேப்பர் விரித்துத் தொழுவார்களாம், அறை கிடைப்பதற்கு முன்.

வெள்ளைப்பலகை:
சரி, யார் பறிகொடுத்தவர்கள் என்பதை நான் குறுக்கிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். பார்க்கிங் வாதத்தை மட்டும் விடமாட்டேன்.

மட்டுறுத்துநர்:
ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். "அவர்கள் நாட்டில் நமக்குக் கோயில் கட்ட விடுவார்களா" என்று தொடங்கி வசவில் முடிந்தது. காயல்வாசியின் நாடு காயல்பட்டினம். அங்கே கோயிலும் இருக்கிறது, சர்ச்சும் இருக்கிறது.

நெல்லைச்சீமை:
நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறேன், கொஞ்சம் சிரிப்பு வந்தது. உங்கள் ஊரில் 39 விசாரணையாவது வைக்கிறார்கள். இங்கே 1997 ஊராட்சிக் கட்டட விதிகளில் வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் கலெக்டர் முன் அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று அவர் நினைத்தால் மறுக்கலாம் என்றும் இருந்தது. நடைமுறையில் என்ன அர்த்தம்? பத்துப் பேர் கூடிக் கூச்சல் போட்டால் அமைதிக்குப் பங்கம் வந்துவிடும். கட்டுகிறவன் ஒன்றும் செய்திருக்க வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சின்ன ஜெபக்கூடம் இப்படித்தான் வருடக்கணக்கில் தகரக் கொட்டகையாகவே நிற்கிறது.

சட்டப்புழு:
அந்தக் கடைசி வரிகள் முக்கியம். கூச்சல் போடுகிறவன் கையில் பூட்டைக் கொடுத்துவிட்டு, சாவி சட்டத்திடம் இருக்கிறது என்கிறோம்.

ஹட்சன்கரையார்:
இன்னும் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிடாத தமிழன் நியூயார்க் வட்டாரத்தில் இருக்க மாட்டான். கோயில் இருப்பது பௌன் தெருவில். பௌன் யார்?

1657இல் இது டச்சுக்காரர் காலனி. கவர்னர் ஸ்டைவசன்ட், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடித் தொழக் கூடாது, இடம் கொடுத்தால் அபராதம் என்று ஆணை போட்டார். டிசம்பர் 27 அன்று ஃப்ளஷிங் ஊர்க்காரர்கள் 30 பேர் அதை எதிர்த்து ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். போட்டவர்களில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை என்பார்கள். யூதர், துருக்கர், எகிப்தியர் எல்லோரும் ஆதாமின் பிள்ளைகள்தான், எங்கள் வாசலுக்கு வந்தால் கதவை அடைக்க மாட்டோம் என்று எழுதினார்கள். ஊர் எழுத்தரைப் பிடித்து உள்ளே போட்டார் ஸ்டைவசன்ட். 1662இல் ஜான் பௌன் தன் வீட்டில் குவேக்கர் கூட்டத்துக்கு இடம் கொடுத்தார். அபராதம் கட்ட மறுத்தார். நாடு கடத்தினார்கள். அவர் ஆம்ஸ்டர்டாம் போய், காலனியை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடமே முறையிட்டார். விட்டுப்பிடி என்று 1663இல் கம்பெனி ஸ்டைவசன்டுக்குக் கடிதம் போட்டது. பௌன் 1664இல் திரும்பி வந்தார். 1661இல் கட்டிய அந்த வீடு இன்னும் அதே தெருவில் நிற்கிறது.

1977 ஜூலை 4 அன்று அந்தத் தெருவில் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. முன்நின்றவர்களில் நம் அழகப்ப அழகப்பன் ஒருவர். ஏற்கெனவே ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சர்ச் இருந்த மனை. பத்து வருடம் கழித்து, 1987இல், ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஜெர்சி சிட்டியில் பொட்டு வைத்தவர்களை அடித்து விரட்டுவோம் என்று ஒரு கும்பல் பத்திரிகைக்குக் கடிதமே எழுதியது. அந்த வருடம் ஹட்சன் கரையில் இருந்த எங்களுக்கு அதெல்லாம் படித்துத் தெரிந்த சரித்திரம் இல்லை. என் வீட்டுக்காரி ரயிலேறும்போது பொட்டை எடுத்துக் கைப்பையில் ஒட்டிக்கொள்வாள்.

காயல்வாசி:
துருக்கர் என்று அந்த மனுவிலும் எங்களைத்தானே சொல்லியிருக்கிறார்கள்? ஊரில் சின்ன வயதில் அந்தச் சொல்லின் கொச்சை வடிவத்தை வசவாகத்தான் கேட்டிருக்கிறேன். 360 வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் அதை மரியாதையோடு எழுதினார் என்று இன்றைக்குத்தான் தெரியும். ஹட்சன் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), அடுத்த தடவை தோசை என் செலவு.

தோசைக்கல்:
என் பேரை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடாமல் போகிறீர்களா?

பக்கத்துவீட்டான்:
நேற்று ராத்திரி விசாரணைக்குப் போய்வந்தேன். மனுவில் கையெழுத்துப் போடவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, "பரவாயில்லை" என்றார்.

ஏழரைக்குத் தொடங்கி பதினொன்று வரை. விண்ணப்பதாரர் பக்கத்து டிராஃபிக் பொறியாளர் ஒருவர் மட்டும்தான் சாட்சி சொன்னார். பொதுமக்கள் முறை வந்ததும் நானும் மைக்கில் நின்றேன். கை நடுங்கியது. ரெண்டு கேள்விகள் கேட்டேன். ஒன்று: வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கும் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, தொழுகையை ரெண்டாகப் பிரிப்பார்களா? பிரிப்போம், அதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். ரெண்டு: அடுத்த தெருவிலிருக்கும் சர்ச் போன முறை விரிவாக்கம் செய்தபோது எந்த விகிதத்தில் பார்க்கிங் கேட்டீர்கள்? போர்டு வக்கீல் தாளைப் புரட்டினார். அப்புறம் சொல்கிறோம் என்றார். அறையில் கொஞ்சம் முணுமுணுப்பு. பின்வரிசையில் யாரோ "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரர் காத்துக்கொண்டு நின்றார். ஒரே காரில் திரும்பினோம். வழியில் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தச் சர்ச் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை" என்றார்.

விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மழைநீர் வடிகால் பற்றிச் சாட்சி. எங்கள் மூலை மனை உண்மையிலேயே பள்ளம், போன செப்டம்பரில் என் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றது. அதனால் இந்தக் கேள்வியை நான் எனக்காகவே கேட்டாக வேண்டும். வரைபடங்கள் டவுன்ஷிப் தளத்தில் இருக்கின்றன. சிவில் பொறியாளர் யாராவது இங்கே இருந்தால், தேக்கக் குட்டையின் கொள்ளளவு போதுமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

வெள்ளைப்பலகை:
நான் சிவில்தான். பக்க எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள்.